ஸன்பீம் டைகர்: யந்திரம் பின்வாங்கிய கதை

ஒரு மோட்டார் வண்டிக்குள் வேறொரு வண்டியின் யந்திரத்தைப் புகுத்தும் வழக்கம் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே அமெரிக்கப் பட்டறைகளில் வேரூன்றிவிட்டதாயினும், வண்டியின் சுபாவத்தை நிர்ணயிப்பதில் யந்திரத்தின் குதிரைத்திறனுக்குக் குறையாத பங்கு அதை அமர்த்தும் ஸ்தானத்துக்கும் உண்டு என்பதற்கு, இங்கிலாந்தின் ரூட்ஸ் கம்பெனி 1964-இல் வெளியிட்ட ஸன்பீம் டைகரைப்போல் தெளிவான திருஷ்டாந்தம் காண்பது அரிது.

இதன் மூலம் ஸன்பீம் அல்பைன் என்னும் இருவர் அமரும் திறந்த வண்டி. 1959-இல் வந்த அவ்வண்டிக்கு லக்ஷணம் இருந்த அளவுக்கு வேகம் இல்லை. அந்தக் குறை, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரூட்ஸின் விற்பனையைக் கவனித்துவந்த இயன் கராடை வெகுவாக உறுத்திற்று. 1962-இல் அமெரிக்கப் பந்தய வீரர் காரல் ஷெல்பி, ஏ.ஸி. ஏஸ் என்ற ஆங்கிலேய வண்டியில் ஃபோர்டின் வி-8 யந்திரத்தைப் பொருத்திக் 'கோப்ரா' எனப் பெயர் சூட்டிப் பிரசித்தியடைந்தபோது, அதே உபாயம் நமக்கும் பலிக்காதா என்ற ஆசை அவருக்கு எழுந்தது. அவருடைய சர்வீஸ் மானேஜர் வால்ட்டர் மெக்கென்ஸி ஒரு மர அளவுகோலை எடுத்துக்கொண்டு விற்பனைக் கூடங்களை வலம்வந்து, பானெட்டுகளைத் திறந்து யந்திரங்களின் நீள அகலங்களை அளந்தார். கோலுக்கு இசைந்தது ஃபோர்டின் 260 கன அங்குல வி-8. பழைய யந்திரத்தைவிட அது 3.5 அங்குலமே நீளம், அகலந்தான் சங்கடம்.

கென் மைல்ஸ் என்ற பந்தய வீரர் 800 டாலர் செலவில், ஏறக்குறைய ஒரே வாரத்தில், ஒரு மாதிரியை ஓடவிட்டுக் காட்டினார். 10,000 டாலர் பெற்றுக்கொண்டு ஷெல்பி செய்த இன்னொன்றே பிற்காலத்து டைகருக்கு ஆதாரமாயிற்று. கனத்த யந்திரம் முன்சக்கரங்களின்மேல் சாய்ந்து நின்றால், ஸ்டீயரிங் கையைக் கடுக்கச் செய்யும். திருப்பத்தில் வண்டி நேரே போகவே பிடிவாதம் பிடிக்கும். பின்சக்கரங்களோ பாரம் போதாமல் நின்ற இடத்தில் சுழலும். ஆகையால் யந்திரத்தை எவ்வளவு பின்னுக்குத் தள்ளலாம் என்பதே பிரதானப் பிரச்னை. அல்பைனின் ஸ்டீயரிங் பெட்டியும் அதன் தண்டுகளும் வழியை அடைத்தபடியால், அவற்றைக் கழற்றிவிட்டு இடத்தை அடைக்காத ராக்-பினியன் ஸ்டீயரிங் முறையைக் கைக்கொண்டார்கள். யந்திரம் பின்வாங்கியது, மொத்தப் பாரத்தில் முன்பக்கம் 51.7 சதவிகிதம், பின்பக்கம் 48.3 சதவிகிதம் என்று ஏறத்தாழச் சரிபாதி சித்தித்தது. வேறு நூறு நயங்களைப் பேசுவோர் உண்டு. என் மதிப்பில் டைகரின் உயிர்நிலை இந்த விகிதந்தான்.

தமக்குத் தெரியாமல் நடந்த முயற்சி என்று முதலில் சினந்த கம்பெனித் தலைவர் லார்டு ரூட்ஸ், 1963-இல் மாதிரியைத் தாமே ஓட்டிப் பார்த்தபின், இரண்டாம் ஹென்றி ஃபோர்டைத் தொலைபேசியில் அழைத்து 3,000 யந்திரங்கள் கேட்டார். சினம் மாறிய வேகம் வண்டியின் வேகத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை! வண்டிகளைப் பூட்டும் பொறுப்பு வெஸ்ட் பிராம்விச்சிலிருந்த ஜென்ஸன் தொழிற்சாலையிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே நடந்ததோ விநோதம். வர்ணம் பூசி வந்த உடற்கூட்டில் யந்திர அறையையும் ஆசனப் பகுதியையும் பிரிக்கும் தடுப்புத் தகட்டை, யந்திரம் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும்பொருட்டு, தொழிலாளர்கள் சம்மட்டியால் அடித்து ஒடுக்கினார்கள். அப்படியும் பின்கோடி ஸ்பார்க் பிளக் ஒன்றைப் பானெட்டின் வழியே எட்ட முடியாமற்போகவே, தடுப்புத் தகட்டில் ஒரு துவாரமிட்டு அதை ரப்பர் மூடியால் அடைத்துவைத்தார்கள். பிளக்கைக் கழற்ற வேண்டிய மெக்கானிக் அந்த மூடியைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்பானரை நுழைப்பார். எண்ணெய் வடிகட்டிக்கும் வேறு மூலை தேட வேண்டியதாயிற்று.

இத்தனை பிரயாசையில் அமர்த்திய யந்திரத்துக்கு வினை வந்தது வியாபாரத்திலிருந்து. ரூட்ஸ் கம்பெனி படிப்படியாகக் கிரைஸ்லர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வசம் சென்றது. போட்டியாளரான ஃபோர்டின் யந்திரத்தைத் தன் வண்டியில் சுமப்பது கிரைஸ்லருக்குக் கௌரவக் குறைவாகப்பட்டிருக்க வேண்டும். ஃபோர்டின் பெயரைப் பறைசாற்றிய பட்டயங்கள் நீங்கி, 'ஸன்பீம் வி-8' என்ற பட்டயங்கள் ஏறின. யந்திரத்தையே மாற்றலாமென்றால், கிரைஸ்லரின் சிறிய வி-8 யந்திரத்துக்கு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர் பின்புறம், ஃபோர்டுக்கோ முன்புறம். யந்திரம் தடுப்புத் தகட்டை ஒட்டிப் பின்தள்ளப்பட்டிருந்த அந்த அறையில், பின்புற டிஸ்டிரிபியூட்டருக்குக் கைப்பிடி இடம்கூட மிச்சமில்லை. கையிருப்பிலிருந்த ஃபோர்டு யந்திரங்கள் தீரும்வரை வண்டிகள் வெளிவந்தன; கடைசி டைகர் 1967 ஜூன் 27-இல் பூட்டி முடிக்கப்பட்டது.