கல்வராயன் மலை: ஆள் பெயர் நிலத்தின் பெயரானது எப்படி?

பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அந்தப் பெயர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பால் வந்தது. கிரேக்கத்தில் பிலிப் என்றால் குதிரைப் பிரியர். நம்ம கல்வராயன் மலையிலும் இதே கதைதான்.

கள்ளக்குறிச்சி பக்கம் இருக்கும் மலைப்பகுதி சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்களாக இருந்தது.

சடையன்னா யாரு? சடைமுடி உடையவர், அதாவது சிவன். இதே மாவட்டத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் அப்பா பெயரும் சடையனார்தான். 63 நாயன்மார்களில் அவரும் ஒருத்தர். மலையிலும் சமவெளியிலும் ஒரே பெயர்! ஆரியன் என்பதற்குப் பெரியவர் என்றும் பொருள் உண்டு. இதில் அரசியலை இழுக்க வேண்டாம்.

இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்துக்காரங்க இல்லை, மலைவாசிகள்) தங்கள் முன்னோர்களாகச் சொல்வது வேறு மூணு பேரை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். உறவுமுறையே பெயர்!

ஆனா நிலம் இருந்தது ஜாகீர்தார் பெயரில். 1976-ல்தான் மலை அரசு கைக்கு வந்தது. அதுவரை உழுதவங்க பெயரில் பட்டா கிடையாது.