யவனர் கொணர்ந்த தேறல்

சங்க காலத் தமிழகத்துக்கு யவனர் கொணர்ந்த பொருள்களுள் மதுவும் ஒன்று என்பது அறிஞர் நன்கறிந்த செய்தி. ஆயினும், அம்மது எத்துணை அளவில் வந்தது, யார்பொருட்டு வந்தது, தமிழர் அதனை எப்பெயரால் வழங்கினர் என்னும் வினாக்கள் ஒருங்கு வைத்து ஆராயத்தக்கன. கடற்கரை ஊர்களில் மேனாட்டுச் சாடிகளின் உடைவுகள் கிடைத்தமை கொண்டு, தமிழ் மக்கள் யவன மதுவைப் பெருவழக்காக உண்டனர் எனக் கொள்வாரும் உளர். அக்கொள்கை சான்றுகளோடு பொருந்துமா என்பதை ஈண்டுக் காண்போம்.

1. தமிழர் மது வகைகள்

புதுப்பொருள் ஒன்று சந்தைக்கு வருங்கால், முன்னரே அங்கு வழங்கியவை யாவை என அறிதல் வேண்டும். யவனர் மது வந்தபோது தமிழகம் மதுவின்றி இருக்கவில்லை. மலைவாழ் மக்கள் மூங்கிற் குழாயில் இட்டு முதிர்வித்த தேன்மதுவைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் கூறுகின்றன. நிலத்திற் புதைத்துப் பதப்படுத்திய மதுவைக் கபிலர் பாரியின் நாட்டு வளங்களுள் ஒன்றாக வைத்துப் பாடினார். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வலைஞர் குடியில் மது ஆக்கும் முறையையே படிப்படியாக விளக்குகிறார். அரிசியைக் களியாக அட்டு, ஆற்றி, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துப் பிழிவது அம்முறை. முளைவித்த தானியத்தால் மாவை இனிப்பாக்கிப் புளிக்க வைக்கும் இம்முறை, இக்காலத்துப் பீர் வடித்தலின் அடிப்படையை ஒத்தது. ஆகவே யவனர் மது, பல்வகை மதுவும் அவற்றுக்குரிய பெயர்களும் நிறைந்த நாட்டிலேயே வந்து சேர்ந்தது.

2. புறநானூற்றுச் சான்று

யவனர் மதுவை வெளிப்படையாகக் கூறுவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது. யவனர் தந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி, வளையணிந்த மகளிர் நாள்தோறும் ஊட்ட, மன்னன் மகிழ்ந்து வாழ்க என்பது வாழ்த்து. இதனை உண்பவன் வேந்தன். உண்ணும் கலம் பொன். உழவரும் வலைஞரும் பாணரும் பிற மதுவகைகளை உண்டதைப் பாடிய புலவர்கள், யவனர் தேறலை அவர்தம் கையில் வைத்துக் காட்டவில்லை.

இப்பாட்டில் யவனர் மதுவைத் தந்ததைக் கூறுமிடத்து வரும் கலம் என்னும் சொல் ஆய்வுக்குரியது. கலம் என்பது மரக்கலத்தையும் குறிக்கும், பாண்டத்தையும் குறிக்கும். பழைய உரைகாரர் இதற்குக் குப்பி எனப் பொருள் கொண்டார். பாண்டம் எனக் கொண்டது பொருத்தமே. ஆனால் குப்பி என்பது உரைகாரர் தம் காலத்து வழக்கு. யவனர் மதுவை ஏற்றிவந்த பாண்டம் ஆம்போரா எனப்படும் மட்சாடி என்பதை அகழாய்வு காட்டுகிறது. ஒடுங்கிய கழுத்தும், இருபுறமும் கைப்பிடியும், கூம்பிய அடியும், உட்புறத்தே பிசின் பூச்சும் உடையது அது.

3. பெரிப்ளூஸ் தரும் அளவு

கி. பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரையக் கடற் பெரிப்ளூஸ், முசிறிக்கும் பாண்டியர்க்குரிய நெல்கிந்தாவுக்கும் சென்ற பொருள்களைப் பட்டியலிடுகிறது. நாணயம் மிகுதியாகச் சென்றது என்னும் அந்நூல், மது மிகுதியன்று என்றும், பாரிகாசா எனப்படும் பருகச்சத்துக்குச் செல்லும் அளவினதே என்றும் வரையறுக்கிறது. பருகச்சத்தைக் கூறுமிடத்து, இத்தாலிய மதுவே சிறந்ததாக விரும்பப்பட்டது எனவும், லவோதிக்கேய மதுவும் அராபிய மதுவும் உடன் வந்தன எனவும் குறிக்கிறது. அங்குள்ள அரசனுக்கெனத் தனியே கொண்டுசென்ற பொருள்களுள் வெள்ளிக் கலங்களோடு உயர்ந்த மதுவும் இடம்பெறுகிறது. நக்கீரனார் காட்டும் அரண்மனைக் காட்சிக்கு இது தக்க துணைச்சான்று.

அதே நூல், முசிறிப் பக்கத்துக்குத் தானியம் கொண்டுசெல்வது உள்ளூர் வணிகர்க்காக அன்று, கப்பலோடு தொடர்புடையார் உணவுக்கே என்கிறது. துறையில் தங்கிய யவனர் தம் உணவைத் தாமே கொணர்ந்தனர் எனின், வந்த மதுவிலும் ஒரு பகுதி அவர்தம் நுகர்வுக்கே ஆயிற்று எனக் கருதுதல் தவறாகாது.

4. அகழாய்வின் எச்சரிக்கை

மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தார். விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்தார். சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், மதுச்சாடிகளுள் கோஸ் தீவு வகை மிகுதி எனக் கண்டார். அவருள் சில சாடிகளைக் கி. மு. இரண்டாம் நூற்றாண்டளவும் கொண்டுசென்றார். ஒலிவ எண்ணெய்க்கும் மீன்சாற்றுக்கும் உரிய சாடிகளும் அங்கு உள என்பதையும் அவர் காட்டினார். அழகன்குளத்திலும், 2007 முதல் அகழப்பட்ட பட்டணத்திலும் சாடி உடைவுகள் கிடைத்துள்ளன. முன்னர் உரோமானியச் சாடி எனக் கருதப்பட்ட உடைவுகள் சில, மெசொப்பொத்தேமியப் பக்கத்துச் சாடிகள் என ரொபேர்ட்டா டோம்பர் பின்னர் தெளிவுபடுத்தினார். எனவே, ஓட்டை எண்ணி மதுவின் அளவைக் கணித்தல் முறையன்று.

5. பெயர் தரும் சான்று

மேற்கண்ட முடிவை மொழியும் வலியுறுத்துகிறது. தேறல் என்பது தேறு என்னும் வினையடியாகப் பிறந்து, தெளிந்த மதுவைக் குறிப்பது. மூங்கிலில் விளைந்த தேன்மதுவுக்கு வழங்கிய அச்சொல்லையே நக்கீரனார் யவனர் மதுவுக்கும் வழங்கினார். புதுமையைச் சுட்டக் கொணர்ந்தவர் பெயர் ஒன்றே போதியதாயிற்று. பிற்காலத்தில் ஐரோப்பியர் வழி வந்த பிராந்தி, விஸ்கி, பீர் முதலியன தத்தம் பெயரோடு மக்கள் வாயில் நிலைத்தன. கடைதோறும் விற்று, பலரும் கேட்டு வாங்கும் பொருளுக்குத் தனிப்பெயர் வேண்டும். அரண்மனையளவில் நின்ற பொருளுக்கு அது வேண்டுவதின்று.

முடிவுரை

யவனர் தேறல் தமிழகத்துக்கு வந்தது உண்மை. தமிழர் மது வழக்கை அது மாற்றியது என்பதற்குச் சான்றில்லை. அது வேந்தர்க்கு ஏற்றம் தரும் பொருளாகவும், துறையில் தங்கிய யவனர்க்கு உணவின் பகுதியாகவும் இருந்தது எனத் துணியலாம். சாடியைக் கண்டு பாட்டுக்குப் பொருள் தெளிதல் நன்று. பாட்டில் இல்லாத பெருவாணிகத்தைச் சாடியிலிருந்து வருவித்தல் நன்றன்று.