கடல் முகப்புகளை ஆழ்கற்றலால் கண்டறிதல்

வெப்பநிலை, உப்புத்தன்மை, நிறம் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ வேறுபட்ட இரு நீர்த்திரள்கள் சந்திக்கும் குறுகிய எல்லை, கடல் முகப்பு எனப்படும். அவ்விடத்தில் மேற்பரப்பு நீர் இருபுறமிருந்தும் ஒருங்குவதால் மிதவை உயிரிகள் சேர, அவற்றைத் தேடிச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தொடர்ந்து சூரை, வஞ்சிரம் போன்றவையும் அங்குக் கூடுகின்றன.

கடற்கரை இல்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் தமிழகக் கடலோர முகப்புகளின் தோற்றத்தில் பங்குபெறுகின்றன. இவற்றின் வட எல்லையை ஒட்டிச் செல்லும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும், மருதையாற்றின் நீரைப் பெற்று அரியலூரின் தென் எல்லையாக ஓடும் கொள்ளிடம் பழையாறு அருகிலும் வங்கக் கடலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் பெருகிவரும் வண்டல் கலந்த நன்னீர், அடர்த்தி குறைவானதால் உவர்நீரின்மேல் பரவி நிற்க, கலங்கலும் தெளிவும் சேரும் விளிம்பு ஒரு முகப்பாகிறது.

1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள்கள் அளிக்கும் வெப்பநிலை, பச்சையத் தரவுகளில் இத்தகைய எல்லைகளை ஆராய்ந்து, மீன் கூடும் இடங்களை மீனவர்களுக்கு அறிவித்து வருகிறது. எல்லையைக் கணினியால் கண்டறியும் முறைகளுள் 1992இல் கய்யுலாவும் கோர்னிலனும் வெளியிட்டது பெரிதும் பின்பற்றப்பட்டது. படத்தின் சிறு கட்டத்துக்குள் உள்ள வெப்பநிலைகள் இரு தொகுதிகளாகப் பிரிகின்றனவா என்று அது சோதிக்கும். ஆனால் கட்டத்தின் அளவையும் பிரிவின் வரம்பையும் மனிதரே முன்கூட்டி வகுக்க வேண்டும்.

ஆழ்கற்றலில், மனிதர் வகுக்கும் இத்தகைய வரம்புகளுக்கு மாறாக, வல்லுநர்கள் முகப்பை வரைந்து காட்டிய படங்களிலிருந்து பல அடுக்கு நரம்பணு வலையமைப்பு தானே கற்கிறது. மருத்துவப் படங்களைப் பகுப்பதற்காக 2015இல் உருவான யூ-நெட் என்னும் கட்டமைப்பு, ஒவ்வொரு படப்புள்ளியும் முகப்பைச் சேர்ந்ததா அன்றா என்று தீர்மானிப்பதால் இப்பணிக்குப் பொருந்துகிறது. முகப்புப் புள்ளிகள் படத்தில் மிகச் சிலவே என்பதால், எங்கும் முகப்பில்லை என்று சொல்லும் பயனற்ற வலையமைப்பும் உயர்ந்த துல்லியம் காட்டிவிடும். ஆகவே அச்சிறுபான்மைப் புள்ளிகளைத் தவறவிடுவதற்குக் கூடுதல் தண்டம் விதித்தே பயிற்றுவிக்கின்றனர்.

வங்கக் கடலில் இடர் இன்னும் பெரிது. கங்கை, பிரம்மபுத்திரா நீரைக் கலந்துகொண்டு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கி வரும் கடலோர நீரோட்டத்தின் எல்லை, வெப்பநிலையைவிட உப்புத்தன்மையிலேயே தெளிவாகத் தெரிகிறது; உப்புத்தன்மையை அளக்கும் செயற்கைக்கோள்களோ ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் குறைந்த விவரங்களைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆற்று முகப்புகள் வலுப்பெறும் அதே மாதங்களில் மேகம் வெப்பநிலைப் படங்களையும் நிறப் படங்களையும் மறைத்துவிடுகிறது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓசன்சாட்-3 நிறத்தை நுணுக்கமாகப் பதிவு செய்தாலும் மேகத்தை ஊடுருவிக் காண்பதில்லை.

எனவே, வேறு கடல்களின் படங்களில் பயின்ற வலையமைப்பை இக்கரைக்கு அப்படியே பயன்படுத்துவது தகாது. வெள்ளாற்றுக் கழிமுகத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருப்பதால், முகப்புக்குக் குறுக்கே படகில் சென்று உப்புத்தன்மையை அளந்து, அவ்வளவீடுகளைக் கொண்டு பயிற்சிப் படங்களில் எல்லையைக் குறிப்பது இங்கு இயலக்கூடிய பணியாகும்.