தாளில் விட்ட வெள்ளை

இயற்கைக் காட்சி வரைவது இந்தச் சோழமண்டலக் கரைக்கு ரசனையாக வரவில்லை, வேலையாக வந்தது. குன்று எங்கே, ஏரி எங்கே, எந்தக் கோட்டைக்கு எந்தப் பக்கம் வழி என்று தெரியாமல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களால் வரி வாங்கவும் முடியாது, படை நடத்தவும் முடியாது. 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கினார்கள். 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் தன் அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். இன்னொரு நில அளவையாளரான காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகப் போய் மலையையும் கோயிலையும் குளத்தையும் தாளில் ஏற்றினார்கள். இந்த வேலைக்கு நீர்வண்ணம் தோதானது. கைக்கு அடக்கமான பெட்டி, ஒரு குவளைத் தண்ணீர் போதும். தீட்டியது சீக்கிரம் காயும், அட்டைக்குள் வைத்து மூட்டை கட்டிவிடலாம்.

அதே காலத்தில் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியமும் 1792-இல் சென்னை வந்து, தெற்கே குமரி வரை சுற்றினார்கள். காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டி ஒன்று அவர்களிடம் இருந்தது. லண்டன் திரும்பி 144 படங்களை அச்சிட்டார்கள். மாமல்லபுரமும் மதுரையும் பார்க்காத வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் படங்கள்தான் தென்னாடு. அழகான படங்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அவற்றை எப்போது பார்த்தாலும், வழிப்போக்கன் கண் என்றே எனக்குப் படுகிறது. மரம் நிற்கிறது, நிழலில் ஆள் உட்கார்ந்திருக்கிறான், அந்த ஆளுக்கு ஊரும் இல்லை, வேலையும் இல்லை.

நான் கும்மிடிப்பூண்டிக்காரன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மண்ணைத் தன் மண்ணாகப் பார்த்து நீர்வண்ணம் தீட்டியவர் யார் என்று என் மாணவர்கள் கேட்டால், முதலில் கே.சி.எஸ். பணிக்கர் பெயரைத்தான் சொல்வேன்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தார். பூர்வீகம் மலபார். பன்னிரண்டு வயதிலேயே காட்சி வரையத் தொடங்கிவிட்டார். பதினேழு வயதில் சென்னையில் நடக்கும் ஆண்டுக் கண்காட்சியில் அவர் படங்கள் தொங்கின. அப்போதே ஓவியப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டியவர். தகப்பனார் போய்விட்டதால் குடும்பத்தைத் தாங்கத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார், பிறகு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்தார். 1936-இல், இருபத்தைந்து வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. அந்த வருடங்களிலும் அவர் வண்ணப் பெட்டியை மூடி வைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தப் பள்ளியை 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் தொடங்கினார். அவர் நினைத்தது கைத்தொழில். மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம், அச்சு. ஓவியமும் சிற்பமும் அங்கே தலைமை இடத்துக்கு வந்தது தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரான பிறகு. அவரிடம் பயின்ற பணிக்கர் 1941-இல் அங்கேயே ஆசிரியரானார், 1957-இல் முதல்வரானார். இடையில் 1944-இல் நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கினார்.

அவருடைய தொடக்க கால நீர்வண்ணங்களில் மலபாரின் வயல், தென்னை, வாய்க்கால், ஓலைக் குடிசை எல்லாம் ஈரம் காயாமல் இருக்கும். அந்த ஈரம் சும்மா வராது. நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் பூசுவதில்லை, தாளின் வெள்ளையைத் தொடாமல் விடுகிறோம். தண்ணீர் மின்னும் இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒரு தடவை பிரஷ் போய்விட்டால் அந்த வெள்ளை திரும்பாது. எண்ணெய் வண்ணத்தில் நாளைக்குத் திருத்தலாம், இதில் முடியாது. வருடக்கணக்கில் ஒரே வாய்க்காலைப் பார்த்தவன்தான் எங்கே விடுவது என்று யோசிக்காமல் விடுவான்.

பணிக்கர் ஓய்வு பெற்ற பிறகுதான் நான் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தேன். ஆனால் அவரிடம் பயின்றவர்கள் எங்களுக்கு ஆசிரியர்கள். அவுட்டோர் வகுப்பு என்றால் அட்டையும் தாளும் தூக்கிக்கொண்டு மூர் மார்க்கெட், கூவம் கரை, காசிமேடு என்று கிளம்புவோம். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பனைமரம் எத்தனை பென்சில் உயரம் என்று அளக்கச் சொல்வார்கள். சர்வேக்காரன் பழக்கம் அப்படியே வகுப்புக்குள் வந்து தங்கிவிட்டிருந்தது. சாயங்காலம் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் அத்திப்பட்டு உப்பளம் வரை வெளிச்சம் இருக்கும். மீஞ்சூர், பொன்னேரி வருவதற்குள் ஜன்னலோரம் நோட்டுப் புத்தகம் நிறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் அது. 1690-இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்கள் கணக்கு அங்கேதான் நடந்தது. கோட்டை போய்விட்டது, செதுக்கு வேலை செய்த கல்லறைகள் நிற்கின்றன. எனக்கு அவற்றைவிட ஏரிதான். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி இது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணி ஆறு செந்நீர் கொண்டு வந்து கொட்டும், ஏரி பழுப்பாகிவிடும். தை மாதம் தெளிந்து பூநாரைகள் நிற்கும்போது தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரியும். அதைப் பறவையாக வரையக் கூடாது, கோடாகத்தான் வரைய வேண்டும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடி, தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் உப்பு பூக்கும். மீனவர்கள் பாடு முறைப்படி யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்து வலை போடுகிறார்கள். அந்த முறை தெரிந்தால் படகு ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதும் தெரியும். தெரியாமல் வரைந்தால் படகு அலங்காரம்தான்.

பணிக்கர் பிற்காலத்தில் காட்சி ஓவியத்தை விட்டுவிட்டார். 1954-இல் ஐரோப்பா போய் வந்தார், தோட்டம் என்ற வரிசையைத் தீட்டினார், 1963 முதல் சொற்களும் குறியீடுகளும் வரிசை. எழுத்து மாதிரி எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்கு. இயற்கையைத் துறந்துவிட்டார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1966-இல் அவரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணலில் நிலம் வாங்கி சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணி தீட்டி விற்ற காசு அதற்கு உதவியது. நகரத்தில் பதவியும் பெயரும் இருந்த ஆள், ஊருக்கு வெளியே மணலைத் தேர்ந்தெடுத்தார். 1977-இல் இறக்கும் வரை அந்தக் கிராமம்தான் அவர் சிந்தனை. பன்னிரண்டு வயதுப் பையனின் அதே ஆசை என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

எங்கள் வடக்குக் கரைக்கு அப்படி ஒரு கிராமம் வாய்க்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, இரும்பு உருக்கும் ஆலைகள் வந்தன, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் வந்தன. பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து தெற்கே பார்த்தால் இன்று அடிவானத்தில் புகைபோக்கிகள் தெரிகின்றன. நான் அவற்றையும் வரைகிறேன். படம் கேட்பவர்கள் அதை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார்கள், நான் எடுப்பதில்லை. இந்த ஊரில் பாதிக் குடும்பம் அந்தப் புகைபோக்கிகளுக்குக் கீழேதான் சம்பளம் வாங்குகிறது. நாளைக்கு யாராவது இந்தக் கரை எப்படி இருந்தது என்று தேடினால், பூநாரையும் புகைபோக்கியும் ஒரே தாளில் கிடைக்க வேண்டும்.

ஈஞ்சம்பாக்கத்தில் 2009 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பணிக்கர், அவர் சகாக்கள், மாணவர்கள் என்று சென்னை ஓவிய இயக்கத்தாரின் படங்களை அங்கே பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்து ஓவிய ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒரு நாள் காலையில் அங்கே கூட்டிப் போய், அடுத்த ஞாயிறு ஆளுக்கு ஒரு வண்ணப் பெட்டியோடு பழவேற்காட்டுக் கரையில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டு நாளுக்கும் பஸ் வாடகைதான் பெரிய செலவு. எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நானும் கூட வருகிறேன்.