சிற்றிழை தந்த பாடம்



வரலாறு என்றவுடன் அரசர்களின் போர்களும் ஆட்சியாண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அறிவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் அண்மைக்காலப் பகுதியொன்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். அவ்வாறு எடுத்துரைப்பது எனக்கு ஒரு கடனுமாகும்.

1995ஆம் ஆண்டு. திருவள்ளூர் வட்டாரத்துப் பள்ளியொன்றில் நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். "ஆர்.என்.ஏ. மூவகைப்படும்: தூது ஆர்.என்.ஏ., கடத்து ஆர்.என்.ஏ., ரைபோசோம் ஆர்.என்.ஏ." என்று கரும்பலகையில் எழுதினேன். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இவற்றைத் தவிர வேறு இல்லையா?" என்று வினவினாள். "இல்லை, உட்கார்" என்றேன். என் கையிலிருந்த நூல் அவ்வாறே கூறிற்று. ஆனால், என் விடை பிழை என்பதற்கான சான்று ஈராண்டுகளுக்கு முன்னரே அச்சேறியிருந்தது.

அச்சான்றைத் தந்தது மண்ணில் வாழும் ஒரு புழு. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்கன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் அதன் வளர்ச்சியை ஆராய்ந்தனர். வளர்ச்சியை நெறிப்படுத்தும் மரபணு ஒன்றை ஆம்புரோஸ் தேடிச் சென்றார். அது எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. 22 எழுத்துகளே கொண்ட ஒரு சிறு ஆர்.என்.ஏ. இழையைத்தான் உண்டாக்கிற்று. மற்றொரு மரபணுவிலிருந்து புறப்படும் தூது ஆர்.என்.ஏ.யின் கடைப்பகுதியில் அச்சிற்றிழை சென்று ஒட்டிக்கொள்கிறது. தூது சென்றும் அதன்படி புரதம் உருவாவதில்லை. இவ்வுண்மையை 1993ஆம் ஆண்டு இருவரும் தனித்தனிக் கட்டுரைகளாக வெளியிட்டனர்.

உலகம் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. புழுவுக்கே உரிய விந்தை போலும் என்று பலர் கருதினர். 2000ஆம் ஆண்டில் ரவ்கன் குழுவினர் மற்றொரு சிற்றிழையைக் கண்டனர். அது மனிதன் உள்ளிட்ட பல்வேறு விலங்குகளிடத்தும் மாறாமல் அமைந்திருந்தது. அதன் பின்னரே அறிவுலகம் விழித்தது. இன்று மனித உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய இழைகள் அறியப்பட்டுள்ளன. ஆம்புரோசும் ரவ்கனும் 2024ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

இவ்விழைகளுக்கும் நோய்க்கும் தொடர்பு யாது? ஒருவகை இரத்தப் புற்றுநோயில், நோயாளிகள் பலரிடம் 13ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி அழிந்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். அப்பகுதியில் புரதம் தரும் மரபணுவைத் தேடியவர்கள் நெடுநாள் ஏமாந்தனர். 2002ஆம் ஆண்டில் கார்லோ குரோச்சேயின் குழுவினர், அங்கே இருந்தவை இரு சிற்றிழைகளுக்குரிய மரபணுக்களே என்று காட்டினர். அடக்குவோன் அகன்றதால் நோய் தலையெடுத்தது என்பது தெளிவாயிற்று.

இதனோடு இணைந்த மற்றொரு கண்டுபிடிப்பும் உண்டு. ஆண்டுரு ஃபயர், கிரேக் மெல்லோ என்னும் இருவர், இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைப் புழுவினுள் செலுத்தி, விரும்பிய மரபணுவை வாயடைக்கச் செய்யலாம் என்று 1998இல் நிறுவினர்; 2006இல் நோபெல் பரிசும் பெற்றனர். அங்ஙனமாயின் தீங்கு செய்யும் மரபணுவை மருந்தாலேயே அடக்கலாம் அன்றோ?

எண்ணுவது எளிது, செய்வது அரிது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உருவாகும் பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், கட்டும் முகவரியும் இன்றி லாரியில் ஏற்றினால் உரிய இடம் சேருமா? ஆர்.என்.ஏ.யின் நிலையும் அதுவே. இரத்தத்தில் இட்டால் நொதிகள் அதனைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். எஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உயிரணுவின் சவ்வும் அதற்கு வழிவிடாது.

இவ்வழியைச் செப்பனிட்டவர்களுள் தலையாய ஒருவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்ற முத்தையா மனோகரன் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அவர் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்றார்; 2003இல் ஆல்நைலம் நிறுவனத்தில் சேர்ந்தார். அவரும் உடனுழைத்தோரும் இழையின் வேதிக் கட்டமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றி, நொதிகளுக்கு ஈடுகொடுக்கும்படி அமைத்தனர். கல்லீரல் அணுக்கள் இனங்கண்டு ஏற்கும் ஒருவகைச் சர்க்கரையை அதனுடன் பிணைத்தனர். அச்சர்க்கரையே முகவரியாயிற்று.

2018இல் இவ்வகையின் முதல் மருந்தான பட்டிசிரான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது கொழுப்புத் துகளில் பொதிந்து அனுப்பப்படுவது. சர்க்கரை முகவரி தாங்கிய கிவோசிரான் அடுத்த ஆண்டில் வந்தது. இரத்தத்தின் தீய கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் என்னும் மருந்தை, தொடக்கத் தவணைகளுக்குப் பின் ஆண்டுக்கு இருமுறை ஊசியாகச் செலுத்தினால் போதும்.

எனினும், நம் பணி முடிந்துவிடவில்லை. பட்டிசிரான் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதற்குக் குறிக்கப்பட்ட விலை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,50,000 டாலர். பொன்னேரியில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் இதனை எவ்வாறு எட்டும்? முகவரி கல்லீரல்வரை எழுதப்பட்டுவிட்டது. ஏழையின் வீடுவரை இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுவது உங்கள் தலைமுறையின் கடமை.

அன்று வினவிய மாணவி இன்று எங்கிருக்கிறாளோ, அறியேன். அவளுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை, "இதுவரை நான் அறிந்தவை இவை மூன்றே, வேறு உண்டா என்று நீ தேடிப் பார்" என்பதாகும். காலம் தாழ்த்தியேனும் அவ்விடையை இன்று உங்கள் அனைவரிடமும் கூறிவிட்டேன்.