சிங்கப்பூர் ஆற்றங்கரை உணவகங்கள்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து மேலே போகப் போக போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ என மூன்று பழைய படகுத்துறைகள் அடுத்தடுத்து வருகின்றன. நாட்டின் வணிகம் பிறந்த இந்த இடம் இன்று நகரில் வெளியே சாப்பிடப் போகிறவர்கள் அதிகம் நாடும் வட்டாரங்களில் ஒன்று. மூட்டை சுமந்தவர்களுக்கும் தொங்கான் என்ற சரக்குப் படகு ஓட்டியவர்களுக்கும் சோறு போட்ட கரை இது. 1980களில் ஆறு தூய்மையானபோது கரையோரம் விருந்தினர்களுக்கு உரியதாயிற்று. உழைப்பாளிகளின் சாப்பாடு ஒரு தெரு உள்ளே தள்ளி உணவங்காடி நிலையங்களுக்குள் போயிற்று. இந்தப் பிரிவினையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு இரண்டு பக்கமும் நல்ல சாப்பாடு கிடைக்கும்.

துறைமுகக் காலம்

1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வந்திறங்கிய சில ஆண்டுகளில் ஆற்றின் தென்கரைச் சதுப்பு நிலம் மண் கொட்டி மேடாக்கப்பட்டது. அங்கே எழுந்த போட் கீ விரைவிலேயே கிடங்குகளால் நிறைந்தது. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இங்கேதான் நடந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கைக் கரைசேர்த்த தொங்கான்களைத் தொடக்கத்தில் பெருமளவு ஓட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள். பின்னர் அந்தத் தொழில் சீனர்களின் கைக்கு மாறியது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், போட் கீயை ஒட்டிய சூலியா ஸ்திரீட்டும் அவர்கள் இருந்த சுவடுகள்.

சூலியா ஸ்திரீட்டுக்குப் பக்கத்து மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடியில் கணக்கு எழுதியவர்கள் அதே கட்டடத்தில் தங்கி, சமையற்காரர் வைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் 1859இல் டேங்க் ரோட்டில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் கிளார்க் கீயிலிருந்து சிறிது தூர நடைதான். தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் அந்தக் கோயிலில் அன்று இன, மத வேறுபாடின்றி அன்னதானம் நடக்கிறது. ஆற்றங்கரையின் உணவு வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பந்தியை விட்டுவிடக் கூடாது.

கூலிகளின் உணவு

ஆற்றின் மேற்பகுதியில் தியோச்சியு சீனர்களின் கை ஓங்கியிருந்தது. மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும் அவர்களின் முக்கிய வணிகச் சரக்குகள். 1840களில் உருவான எலன்பரோ சந்தை அவர்களுக்குப் புதுச் சந்தை. தெலுக் ஆயரில் இருந்ததைப் பழைய சந்தை என்ற பொருளில் ‘லாவ் பா சாட்’ என்றார்கள். அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. கருவாடு, உப்பிட்ட முட்டை, ஊறுகாய் தொட்டுக்கொண்டு கஞ்சி குடிப்பது கூலிகளின் அன்றாட உணவு. 1889இல் கட்டிய ரீட் பாலத்தருகே மாலையில் தியோச்சியு கதைசொல்லிகள் கூடுவார்கள். ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும் வரை கதை ஓடும். பிறகு கேட்டவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார்கள்.

இந்தக் கரையோடு பெயர் ஒட்டிக்கொண்ட உணவு பக் குட் தே. பன்றி விலா எலும்பை முழுப் பூண்டும் வெள்ளை மிளகும் போட்டு வேகவைக்கும் சூப் இது. தியோச்சியு முறையில் சாறு தெளிந்த நிறத்தில் இருக்கும். முதல் மடக்கிலேயே மிளகு தொண்டையில் இறங்கும். சோறும், பொரித்த மாவுக் குச்சியும், சிறு கோப்பையில் சீனத் தேநீரும் உடன் வரும். சாறு தீர்ந்தால் கேட்காமலே ஊற்றுகிற கடைகள் உண்டு. அதிகாலையில் மூட்டை தூக்கப் போகிறவருக்கு இந்தச் சூடு தேவைப்பட்டது. 1969இல் தள்ளுவண்டியில் தொடங்கிய சோங் ஃபா, இன்று கிளார்க் கீக்கு எதிரே நியூ பிரிட்ஜ் ரோட்டில் அதே உணவுக்கு வரிசை பிடிக்க வைக்கிறது.

தூய்மைத் திட்டம்

1970களில் ஆறு சாக்கடையாகியிருந்தது. பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவும் தெருக்கடைகளின் எச்சமும் படகுகளின் எண்ணெயும் அதில் கலந்தன. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தே ஆண்டுகளில் ஆற்றைத் தூய்மையாக்க வேண்டும் என்று கெடு வைத்தார். சிங்கப்பூர் ஆறு, காலாங் ஆறு ஆகியவற்றின் வடிநிலங்களிலிருந்து சுமார் 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கிட்டத்தட்ட 5,000 தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போயின. 1987இல் வேலை முடிந்தது. இழப்பீடு நீங்கலாக ஏறத்தாழ 17 கோடி வெள்ளி செலவாயிற்று.

தெருக்கடைக்காரருக்குக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் நிலையான கூரையும் கிடைத்தன. ஆறு பிழைத்தது. ஆனால் தலைமுறைகளாக அந்தத் தண்ணீரை நம்பி வாழ்ந்தவர்களின் பிழைப்பு கரையை விட்டு நீங்கியது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

உணவகக் கரை

1989இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் போட் கீயையும் கிளார்க் கீயையும் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவித்தது. ஓடு வேய்ந்த கடைவீடுகளும் கிடங்குகளும் இடிபடாமல் உணவகங்களாயின. 1993இல் கிளார்க் கீ புதுப்பொலிவுடன் திறந்தது. 1995இல் எஸ்பிளனேட் பகுதியின் புகழ்பெற்ற சாத்தே கிளப் மூடப்பட்டபோது, அங்கிருந்த சில கடைகள் இங்கே வந்தன. சாத்தே என்ற சுட்ட இறைச்சியைக் கோத்த குச்சிகளில் மேசையில் மிஞ்சியவற்றை எண்ணிக் காசு வாங்குவது அந்தக் கடைகளின் வழக்கம். 2006இல் கிளார்க் கீ தெருக்களுக்கு மேல் குடைபோன்ற பெருங்கூரைகள் எழுந்தன. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் வெளியே உட்கார்ந்து சாப்பிட அவை உதவுகின்றன. மேலே உள்ள ராபர்ட்சன் கீ அமைதியானது. ஜப்பானியர் பலர் குடியிருந்ததால் ஜப்பானிய உணவுக்குப் பெயர்பெற்றது.

இன்று எங்கே சாப்பிடலாம்

மிளகாய் நண்டு சாப்பிட விரும்புகிறவர்கள் கிளார்க் கீக்கு எதிர்க்கரையில் உள்ள ரிவர்சைட் பாயின்ட் பக்கம் போகிறார்கள். 1950களில் காலாங் ஆற்றோரத் தள்ளுவண்டியில் பிறந்த உணவு அது. இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த குழம்பைப் பொரித்த மாந்தோ ரொட்டியில் தொட்டுத் தின்ன வேண்டும். நண்டை எடைக்கு விற்பதால் கிலோ விலையைக் கேட்ட பின்பே சொல்வது நல்லது. போட் கீயில் இந்திய, தாய், கடலுணவுக் கடைகள் வரிசையாக உள்ளன. ஆற்றைப் பார்த்தபடி உட்காருவதற்கும் சேர்த்துத்தான் அங்கே விலை.

குறைந்த செலவில் நிறைவாகச் சாப்பிட உள்தெருக்களுக்கு நடக்க வேண்டும். 1978இல் திறந்த ஹாங் லிம் உணவங்காடி நிலையத்தில் வறுத்த குவே தியாவும் கறி நூடுல்சும் பேர்போனவை. லாவ் பா சாட்டின் 1894ஆம் ஆண்டு வார்ப்பிரும்புக் கூரையை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட்டில், மாலையில் போக்குவரத்தை நிறுத்திச் சாத்தே அடுப்புகளை மூட்டுகிறார்கள். கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டில், 51 மாடி கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரத்தின் கீழ்த்தளங்களிலேயே ஓர் உணவங்காடி நிலையம் இயங்குகிறது. நண்பகலில் அலுவலக ஊழியர்கள் அங்கே தட்டேந்தி இடம் தேடுகிறார்கள்.

2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பெருமையில் ஆற்றோரத் தெருக்கடைக்காரர்களுக்கும் பங்குண்டு. கரையில் ஒரு வேளை சாப்பிடுகிறவர், மறுவேளையை அவர்கள் குடியேறிய நிலையங்களில் வைத்துக்கொண்டால்தான் இந்த வட்டாரத்தை முழுதாக ருசித்தவராவார்.