48 வாக்குகளில் மாறிய கணக்கு

ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே அரசாக இணைந்தது 1707 மே 1 அன்று. அந்த இணைப்புக்கு 300 ஆண்டுகள் நிறைந்து இரண்டே நாளில், 2007 மே 3-ம் தேதி, ஸ்காட்லாந்து மக்கள் தங்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார்கள். இணைப்பே வேண்டாம், தனிநாடுதான் வேண்டும் என்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, 129 இடங்களில் 47-ஐப் பிடித்தது. அரை நூற்றாண்டாக அந்த மண்ணில் அசைக்க முடியாமல் இருந்த தொழிலாளர் கட்சிக்கு 46. ஒரே ஓர் இடம்தான் வித்தியாசம்.

கன்னிங்ஹாம் நார்த் தொகுதியைப் பார்த்தால் அந்த ஓர் இடத்தின் எடை புரியும். மேற்குக் கரை ஊர்களும் அரன் தீவும் சேர்ந்த தொகுதி அது. தொழிலாளர் கட்சியின் ஆலன் வில்சனை, தேசியக் கட்சியின் கென்னத் கிப்சன் வெறும் 48 வாக்குகளில் தோற்கடித்தார். அங்கே செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட சீட்டுகளோ ஆயிரத்துக்கும் மேல்! அந்த 48 பேர் மாற்றிப் போட்டிருந்தால் தொழிலாளர் கட்சி 47-ஐத் தொட்டிருக்கும். 'நாங்களே முதலிடம்' என்று தேசியக் கட்சித் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் உரிமை கோரியிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

நாடு முழுவதும் செல்லாமல் போனவை சுமார் 1,46,000. தொகுதி வாக்கு, மண்டலப் பட்டியல் வாக்கு இரண்டையும் ஒரே தாளில் இரு பத்திகளாக அச்சடித்திருந்தார்கள். 'உங்களுக்கு இரண்டு வாக்குகள்' என்று தலைப்பில் படித்தவர்களில் பலர், இரண்டு பெருக்கல் குறிகளையும் ஒரே பத்தியில் போட்டுவிட்டார்கள். கிளாஸ்கோவிலும் லோதியனிலும் வேட்பாளர் பட்டியல் நீளமாக இருந்ததால், தாளில் இடம் பிடிக்க விளக்கக் குறிப்பைச் சுருக்கி, வழிகாட்டும் அம்புக்குறிகளையும் எடுத்துவிட்டார்கள். போதாததற்கு, அன்றே உள்ளாட்சித் தேர்தலும் நடந்தது. அதில் பெருக்கல் குறி கூடாது, 1, 2, 3 என்று எண் போட வேண்டும். வாக்குச்சாவடி வரை நடந்துவந்த மனிதரின் வாக்கு இப்படிக் குப்பைக்குப் போனதை எந்தக் கட்சிக்காரரும் மன்னிக்கக் கூடாது. விசாரித்த கனடா நிபுணர் ரான் கூல்டும், ஏற்பாடுகளில் வாக்காளரைப் பற்றிய அக்கறை பின்னுக்குப் போய்விட்டது என்றே கண்டித்தார்.

இந்த வெற்றியின் வேர் தேர்தல் முறையில் இருக்கிறது. 129 இடங்களில் 73 தொகுதிகள். மீதி 56 எட்டு மண்டலங்களின் பட்டியலிலிருந்து, வாக்கு விகிதப்படி. எந்தக் கட்சியும் தனித்துப் பெரும்பான்மை பெறுவது அரிது என்பதே இந்த அமைப்பின் இயல்பு. ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றத்தோடு தன்னாட்சி கொடுத்துவிட்டால் தேசியவாதம் தானாகச் செத்துவிடும் என்று தொழிலாளர் கட்சியின் ஜார்ஜ் ராபர்ட்சன் 1995-ல் நம்பிக்கையோடு பேசினார். நடந்ததோ வேறு. 2007-ல் தேசியக் கட்சி தொகுதிகளில் வென்றது 21 மட்டுமே. 26 இடங்கள் பட்டியல் வழியாக வந்தன. தொழிலாளர் கட்சி 37 தொகுதிகளை வென்றும் ஆட்சியை இழந்தது. தொகுதி வெற்றியை மட்டுமே எண்ணும் பழைய பிரிட்டிஷ் முறையிலேயே தேர்தல் நடந்திருந்தால் சால்மண்ட் எதிர்க்கட்சி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

தனிநாட்டுக்கான பொதுவாக்கெடுப்பைக் கைவிடாவிட்டால் கூட்டணி இல்லை என்றார்கள் லிபரல் டெமாக்ரட்டுகள். பசுமைக் கட்சியின் இரண்டு உறுப்பினர்களே கைகொடுத்தார்கள். மே 16 அன்று 49-க்கு 46 என்ற கணக்கில் சால்மண்ட் முதலமைச்சரானார்.

இனி ஒவ்வொரு மசோதாவுக்கும் ஆதரவு திரட்ட வேண்டிய நிலை. 2009 ஜனவரியில் பட்ஜெட்டே கவிழ்ந்தது. வீடுகள் குளிர் தாங்க ஒதுக்கிய பணம் போதாது என்று பசுமைக் கட்சியினர் எதிர்க்க, வாக்குகள் 64-64 எனச் சமமாகி, அவைத் தலைவரின் வாக்கால் தோற்றது. நிதியமைச்சர் ஜான் ஸ்வின்னி மறுபடி எல்லாக் கட்சிகளின் கதவையும் தட்டினார். அடுத்த வாரமே பட்ஜெட் நிறைவேறியது. இதற்கிடையில் ஃபோர்த், டே பாலங்களின் சுங்கக் கட்டணம் போயிற்று. பட்டதாரிகள் கட்ட வேண்டியிருந்த தொகையும் ரத்தானது. மருந்துச் சீட்டுக் கட்டணம் படிப்படியாகக் குறைந்து 2011 ஏப்ரலில் அடியோடு நீங்கியது. தனிநாடு வேண்டாம் என்ற குடும்பங்கள்கூட, 'இவர்களுக்கு ஆளத் தெரிகிறது' என்று எண்ணத் தொடங்கின.

2011 மே 5 தேர்தலில் தேசியக் கட்சி 69 இடங்களை அள்ளியது. யாருக்கும் கிட்டாது என்று கருதப்பட்ட தனிப்பெரும்பான்மை! பலர் அதைத்தான் திருப்புமுனை என்கிறார்கள். சிறுபான்மை அரசாக இருந்து ஆண்டு காட்டிய அந்த நான்கு வருடங்கள் இல்லாவிட்டால் 69 வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. அதன் பிறகு பொதுவாக்கெடுப்பு கேட்க சால்மண்ட் அவையில் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூனே எடின்பரோவுக்கு வந்து, 2012 அக்டோபர் 15 அன்று அதற்கான ஒப்பந்தத்தில் அவரோடு கையெழுத்திட்டார்.

(தொடரும்)